படம் எங்கே போகிறது? புகைப்படப் பகிர்வுச் சேவைகள்: ஓர் ஒப்பீடு

கட்டுரை திருத்தும்போது என்னைச் சீண்டுகிற ஒரு சொல் உண்டு: ‘போன்ற’. சென்ற தவணையில் உயர்நிலை 4 மாணவர்கள் சமூக ஊடகம் பற்றி எழுதிய தாள்களில் பாதிக்குமேல் இப்படித்தான் தொடங்கின: “இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் போன்ற சமூக ஊடகங்கள் இன்று நம் வாழ்வோடு ஒன்றிவிட்டன.” வாக்கியத்தில் பிழை இல்லை. ஒற்றெல்லாம் சரியாகவே இருக்கிறது. ஆனாலும் ‘போன்ற’வைச் சுழித்து, பக்கத்தில் “எது எதைப் போன்றது?” என்று எழுதினேன்.

தாளைத் திரும்ப வாங்கிய ஒரு மாணவி விடவில்லை. “டீச்சர், எல்லாமே படம் போடுற ஆப்தானே? என்ன பெரிய வித்தியாசம்?” என்று கேட்டாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. இரண்டு நிமிடப் பதில் சொல்லி அனுப்பினேன். இந்தக் கட்டுரை அந்தப் பதிலின் மீதி. ஆசிரியர்களுக்கு வகுப்பில் பயன்படலாம். தேர்வெழுதும் மாணவர்களுக்கு அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போக வழி கிடைக்கலாம்.

புகைப்படச் சேவைகளை ஒப்பிடும் கட்டுரைகளுக்கு இணையத்தில் பஞ்சமே இல்லை. சேமிப்பு இடம் எவ்வளவு, மாதக் கட்டணம் எவ்வளவு, ஃபில்டர் எத்தனை என்று அட்டவணை போட்டிருப்பார்கள். காசு கொடுத்து வாங்குகிறவருக்கு அது வேண்டும்தான். தமிழாசிரியராக என் கேள்வி வேறு: படத்தோடு சேர்த்து நாம் எழுதும் சொல் என்ன ஆகிறது? யார் இவர், என்ன இது, எங்கே, எப்போது என்ற விவரங்கள் படத்தை விட்டுப் பிரியாமல் இருக்கின்றனவா? இந்த ஒரு கேள்வியை வைத்துப் பார்த்தால், அட்டவணையில் முதலிடம் பிடிக்கிற சேவைகள் பின்னுக்குப் போய்விடுகின்றன.

பூக்கடையில் வந்த கேள்வி

இப்படி யோசிக்க என்னைத் தூண்டியவர் ஒரு பூக்கடைக்காரர். தீபாவளிக்கு முந்திய ஒரு சனிக்கிழமை, உயர்நிலை 3 மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேருடன் தேக்கா பக்கம் படமெடுக்கப் போயிருந்தேன். லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி, பஃப்ளோ ரோடு, கெர்பாவ் ரோடு, பிறகு சிராங்கூன் சாலையைக் கடந்து கேம்பல் லேன், அங்கே இந்திய மரபுடைமை நிலையம். ஆளுக்குப் பத்துப் படம், ஒவ்வொரு படத்துக்கும் தமிழில் மூன்று வரி. இதுதான் பணி.

பஃப்ளோ ரோட்டில் ஓர் அண்ணன் மாலை கட்டிக்கொண்டிருந்தார். விரல் போகிற வேகத்தில் நார் கண்ணுக்கே தெரியவில்லை. என் மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டான்.

“அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா?”

“எடுத்துக்கங்க தம்பி. எங்க போடுவீங்க?”

“இன்ஸ்டாவுல அண்ணே. ஸ்டோரியில.”

“நாளைக்கும் இருக்குமா?”

“இல்லண்ணே, ஒரு நாள்தான்.”

அவர் சிரித்துவிட்டார். “மாலைகூட ரெண்டு நாள் தாங்குமே தம்பி. ஊர்ல எங்க அம்மாவுக்குக் காட்டணும்னா என்ன செய்றது?”

பையன் திருதிருவென்று முழித்தான். அம்மாவிடம் இன்ஸ்டாகிராம் இல்லை, வாட்ஸ்அப் இருக்கிறதாம். கடைசியில் அண்ணனின் எண்ணை வாங்கி, “வாட்ஸ்அப்புல அனுப்புறேண்ணே” என்று சொல்லி வந்தான். எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் நான் பார்க்காத கேள்விகள் அவை. எங்கே போடுவீர்கள், எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்க முடியும்.

வாட்ஸ்அப்பை முதலில் முடித்துவிடுகிறேன். அது சேமித்துவைக்கும் இடமே இல்லை, அஞ்சல்காரர். கையில் கொடுத்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அதோடு சரி. சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும். 2023-இல் ‘எச்டி’ தரம் வந்தது, அதுவும் ஓரளவுக்குத்தான். சுருங்காமல் போக வேண்டுமென்றால் படத்தை ஆவணமாக இணைத்து அனுப்ப வேண்டும். இது தெரியாமல் பள்ளி இதழுக்கு வாட்ஸ்அப்பில் படம் வாங்கி, அச்சில் புள்ளி புள்ளியாக வந்து தலையில் கை வைத்த ஆசிரியர்கள் நம்மில் உண்டு. நானும் ஒருத்தி. கைமாறிக் கைமாறிப் போகும்போது கீழே எழுதிய விவரம் எங்கோ உதிர்ந்துவிடுகிறது. குடும்பக் குழுவில் வந்து விழும் பழைய படங்களைப் பாருங்கள். “இது யாரு?” என்ற கேள்வியோடுதான் வரும்.

இன்ஸ்டாகிராமின் பலமும் பலவீனமும்

இன்ஸ்டாகிராம் 2010 அக்டோபரில் வந்தது. 2012 ஏப்ரலில் ஃபேஸ்புக் அதை 100 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2015 வரை எல்லாப் படமும் சதுரம்தான். நீளவாக்கில் எடுத்த தேர்த்திருவிழாவையும் சதுரத்துக்குள் அடைக்க வேண்டியிருந்தது. 2016 ஆகஸ்டில் ஸ்டோரி வந்தது. ஸ்னாப்சேட் முன்பே செய்துகாட்டிய யோசனை அது: போட்டது 24 மணி நேரத்தில் மறையும். அதே ஆண்டில் படங்கள் காலவரிசையில் தெரிவதும் போயிற்று. எது முதலில் கண்ணில் பட வேண்டும் என்பதைக் கணினி நிரல் முடிவு செய்யத் தொடங்கியது.

என் மாணவர்கள் எல்லாரும் இருப்பது இங்கேதான். அவர்களுடைய அக்காக்களும் சித்திகளும் இங்கேதான் இருக்கிறார்கள். ஒரு படத்தை நாலு பேர் பார்க்க வேண்டும், அதுவும் இன்றைக்கே பார்க்க வேண்டும் என்றால் இதற்கு ஈடு கிடையாது. வகுப்பில் தமிழில் வாய் திறக்கக் கூச்சப்படுகிற பிள்ளைகள்கூடத் தீபாவளியன்று அங்கே தமிழில் ஒரு வரி போடுகிறார்கள். ரோமன் எழுத்தில் போட்டாலும் நான் கோபித்துக்கொள்வதில்லை. முதலில் வரட்டும், எழுத்து பின்னால் வரும்.

சிக்கல் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. படத்தின் கீழே எழுதுவதில் தொடக்கம் மட்டுமே திரையில் தெரியும். மீதியைப் படிக்க விரலால் தட்ட வேண்டும். பெரும்பாலோர் தட்டுவதில்லை. எழுதுகிறவருக்கும் இது தெரியும், அதனால் எழுதுவதும் குறைகிறது.

கெர்பாவ் ரோட்டில் இருக்கும் பல வண்ண வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டில் இந்தியாவுக்கு வந்தவர்கள் அதன்முன் நின்று படமெடுக்காமல் போவது அரிது. அன்று எங்கள் குழுவிலும் ஒருவர் தவறாமல் எடுத்தார்கள். நாலு பேர் அன்றே இன்ஸ்டாகிராமில் போட்டார்கள். அதில் ஒருத்தியின் வரி: “இந்தியாவின் வண்ணங்கள்”. அழகான சொற்றொடர். ஆனால் அது டான் டெங் நியா என்ற சீன வணிகரின் மாளிகை. 1900-இல் கட்டப்பட்டது, 1980-களில் புதுப்பிக்கப்பட்டது. லிட்டில் இந்தியாவில் இன்னும் நிற்கிற பழைய சீன மாளிகை அது. இந்தப் பகுதியில் சீனர்களும் தொழில் செய்தார்கள், குடியிருந்தார்கள் என்பதற்கு நின்றுகொண்டிருக்கும் சாட்சி. ‘இந்தியாவின் வண்ணங்கள்’ என்று எழுதியவுடன் அந்தச் சாட்சியின் வாயை மூடிவிட்டோம்.

மாணவியைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. வீட்டின் அருகில் தகவல் பலகை இருக்கிறது, ஆனால் சேவை அவளிடம் “இது என்ன?” என்று ஒரு முறையும் கேட்கவில்லை. எந்த ஃபில்டர் வேண்டும் என்று கேட்டது, யாரைச் சுட்ட வேண்டும் என்று கேட்டது, பாட்டு வேண்டுமா என்றுகூடக் கேட்டது. கேட்ட கேள்விக்குத்தானே பதில் வரும்?

ஒன்றே ஒன்று விதிவிலக்கு. 2018-இன் இறுதியில் மாற்றுரை எழுதும் வசதியை இன்ஸ்டாகிராம் சேர்த்தது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரைவாசிப்பான் படித்துக்காட்டும் விவரிப்பு அது. அமைப்புகளுக்குள் ஒளிந்து கிடக்கிறது, யாரும் தொடுவதில்லை. நான் அதை வகுப்புப் பயிற்சியாக ஆக்கிக்கொண்டேன்: “கண் தெரியாத ஒரு தாத்தாவுக்கு இந்தப் படத்தை மூன்று வாக்கியத்தில் சொல்லு.” ‘அழகாக இருக்கிறது’ என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. என்ன நிறம், எத்தனை பேர், யார் என்ன செய்கிறார்கள் என்று சொல்லியாக வேண்டும். வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்துவிட்டு “ஒரு கடை இருக்கிறது, சிலர் இருக்கிறார்கள்” என்று நின்றுவிடும் மாணவர்களுக்கு இந்தப் பயிற்சி நன்றாகவே கைகொடுத்தது.

காணாமல் போன ஆல்பங்கள்

என் வயதுக்காரர்களுக்கு ஃபிரெண்ட்ஸ்டர் நினைவிருக்கும். ஃபேஸ்புக்குக்கு முன்னால் சிங்கப்பூர், மலேசியா, பிலிப்பீன்ஸ் பிள்ளைகளின் கூடாரம் அதுதான். 2009 இறுதியில் மலேசியாவின் எம்ஓஎல் நிறுவனம் அதை வாங்கியது. 2011-இல் அதை விளையாட்டுத் தளமாக மாற்றுவதாக அறிவித்து, அவரவர் படங்களை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கெடு கொடுத்தார்கள். மே 31-ஆம் தேதியோடு பயனாளர்களின் படங்கள் நீக்கப்பட்டன. அறிவிப்பைப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள்.

ஃபோட்டோபக்கெட் வேறு மாதிரி. 2017-இல் திடீரென்று, மற்றத் தளங்களில் படத்தை ஒட்டிக்காட்ட ஆண்டுக்கு 399 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும் என்றது. பல்லாண்டுகளாக மக்கள் எழுதிவைத்த வலைப்பதிவுகளில் படம் இருந்த இடத்தில் கட்டண அறிவிப்பு வந்து உட்கார்ந்தது. கூகல் தன் பிக்காசாவை 2016-இல் மூடி, எல்லாரையும் கூகல் ஃபோட்டோஸ் பக்கம் நகர்த்தியது.

எனக்கும் ஒரு கதை உண்டு. பல்கலைக்கழகத்தில் படித்தபோது தமிழ்ப் பேரவையின் மூன்று ஆண்டுப் படங்களை ஒரு சேவையில் வைத்திருந்தோம். பெயர் வேண்டாம். அவர்கள் மூடப்போவதாக அனுப்பிய மின்னஞ்சல், எங்களில் யாரும் திறக்காத ஒரு பழைய முகவரிக்குப் போயிருக்கிறது. நாடகம், பட்டிமன்றம், பொங்கல் விழா எல்லாம் போயின. இன்றைக்கு மிஞ்சியிருப்பது ஆண்டறிக்கையின் பின்னிணைப்பில் அச்சான ஒரே ஒரு குழுப்படம். அதில் இருக்கும் அத்தனை பேரின் பெயரையும் என்னால் சொல்ல முடிகிறது. ஏனென்றால், யாரோ ஒரு புண்ணியவான் படத்தின் கீழே இடமிருந்து வலமாகப் பெயர்களை அச்சிட்டிருந்தார்.

ஃப்ளிக்கரும் கூகல் ஃபோட்டோஸும்

ஃப்ளிக்கரை மாணவர்களிடம் சொன்னால், “அது என்ன டீச்சர், பழைய கேமராவா?” என்கிறார்கள். 2004-இல் கனடாவின் வான்கூவரில் பிறந்து, 2005-இல் யாஹூவிடம் போய், 2018-இல் ஸ்மக்மக் நிறுவனத்தின் கைக்கு வந்த சேவை அது. வந்தவர்கள் இலவசக் கணக்குக்கு 1,000 படம் என்று வரம்பு கட்டினார்கள். மீறினால் பழைய படங்கள் நீக்கப்படும் என்றதும் கூச்சல் எழுந்தது. ஆனால், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடப்பட்ட படங்களை நீக்குவதில்லை என்று 2019-இல் உறுதி சொன்னார்கள். இதை நான் அவர்கள் கணக்கில் வரவு வைக்கிறேன். 2008-இல் அமெரிக்காவின் நாடாளுமன்ற நூலகத்தோடு சேர்ந்து பழைய படங்களுக்குத் தனிப் பகுதி திறந்தவர்களும் இவர்களே. முகம் தெரியாத பயனாளர்கள் வந்து, “இது இன்ன தெரு, இன்ன கட்டடம்” என்று விவரம் சேர்த்தார்கள். 2022-இல், படங்களை நூறு ஆண்டு காக்கும் வழியைத் தேடுவதற்கென்றே ஓர் அறக்கட்டளையும் அமைத்தார்கள். நூறு ஆண்டு! ஸ்டோரிக்கு 24 மணி நேரம்.

படத்தின் தலைப்பு, விவரிப்பு, குறிச்சொல், எடுத்த தேதி, கேமரா விவரம் எல்லாவற்றையும் ஃப்ளிக்கர் தனித்தனி இடத்தில் வைக்கிறது. தமிழில் எழுதினால் தமிழிலேயே கிடக்கும். சொல் பிழைத்திருக்கும் இடம் இதுதான். குறை? ஆள் இல்லை. என் மாணவர்களில் ஒருவருக்குக்கூட அங்கே கணக்கு இல்லை. படத்தைக் காட்ட ஆளில்லாத இடத்தில் பிள்ளைகளை எழுதச் சொல்வது, காலி அரங்கில் பட்டிமன்றம் நடத்துவது மாதிரி.

கூகல் ஃபோட்டோஸ் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அது அலமாரி; கடைவீதி இல்லை. 2015-இல் வரம்பில்லாமல் இலவசம் என்று வந்தார்கள், 2021 ஜூன் 1 முதல் 15 கிகாபைட் கணக்குக்குள் அடக்கிவிட்டார்கள். அந்த 15-க்குள் மின்னஞ்சலும் கோப்புகளும் சேர்த்தி. இரண்டு ஆண்டு திறக்காமல் விட்ட தனிப்பட்ட கணக்கை நீக்கலாம் என்ற விதியும் இருக்கிறது. பிள்ளைகளின் ஆரம்பகாலப் படங்களை ஒரு கணக்கில் போட்டுவிட்டுக் கடவுச்சொல்லை மறந்த பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு இன்னொரு வார்த்தை: பள்ளி கொடுத்த கணக்கு மாணவரின் சொந்தச் சொத்து இல்லை. பள்ளியை விட்டுப் போகும்முன் படங்களை இறக்கி எடுத்துக்கொள்ளும்படி உயர்நிலை 4 மாணவர்களிடம் இரண்டு முறையாவது சொல்லுங்கள்.

“இது என்ன?” என்று கேட்கும் ஒரே இடம்

விக்கிப்பீடியாவுக்குப் படம் தரும் விக்கிமீடியா காமன்ஸும் 2004-இல் தொடங்கியதுதான். அழகில்லை, ஃபில்டர் இல்லை, விருப்பக்குறி இல்லை. மாணவர்களுக்குப் பிடிக்காது. ஆனால் படத்தை ஏற்றும்போதே அது கேட்கும்: இது என்ன? யார் எடுத்தது? எப்போது? எந்த உரிமத்தில் தருகிறீர்கள்? பதில் சொல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. விவரிப்பை எந்த மொழியில் எழுதுகிறோம் என்று தேர்ந்தெடுக்கலாம். ஒரே படத்துக்குத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் விவரிப்பு அருகருகே இருக்கலாம். 2011-12-இல் தமிழ் விக்கிப்பீடியர்கள் ஓர் ஊடகப் போட்டி நடத்தி, தமிழர் வாழ்வியல் பற்றிய படங்களை உலகெங்கிலுமிருந்து இங்கே சேர்த்தார்கள். பயிற்றுப்பொருள் தயாரிக்கும் ஆசிரியர்கள் அந்தத் தொகுப்பை ஒரு முறை துழாவிப் பார்க்கலாம்.

கண்டிப்பும் அதிகம். டான் டெங் நியா வீட்டின் படத்தை இங்கே தாராளமாக ஏற்றலாம். ஆனால் பெலிலியோஸ் லேனில் பழைய தொழில்களைக் காட்டும் சுவரோவியம் இருக்கிறதே, கிளி ஜோசியரும் பூக்காரரும் வருவார்களே, அதை ஏற்றினால் நீக்கிவிடுவார்கள். காரணம் சிங்கப்பூர்ப் பதிப்புரிமைச் சட்டம். பொது இடத்தில் இருக்கும் கட்டடத்தையும் சிற்பத்தையும் படமெடுத்து வெளியிட அது விலக்கு அளிக்கிறது. சுவரில் வரைந்த ஓவியத்துக்கு அந்த விலக்கு இல்லை. ஓவியரின் உரிமை அது. எங்கள் குழுவிலிருந்த ஒரு மாணவன் இதைக் கேட்டு, “அப்ப இன்ஸ்டாவுல மட்டும் எல்லாரும் போடுறாங்களே?” என்றான். போடுகிறார்கள், யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். கேட்காதது வேறு, உரிமை இருப்பது வேறு. இந்த வேறுபாட்டை ஒரு கட்டுரையில் எழுதிக்காட்டும் மாணவனுக்கு நான் மனம் நிறைந்து மதிப்பெண் போடுவேன்.

2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம், பிறர் படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது படைத்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற கடமையைக் கொண்டுவந்தது. லாப நோக்கமற்ற பள்ளிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதைக் கற்பித்தலுக்குப் பயன்படுத்தவும் அது இடம் தருகிறது. அப்போதும் எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிட வேண்டும். ‘படம்: கூகல்’ என்று போடுகிற நம் பழக்கத்தை இனியாவது விடலாம். தேடலில் வரும் படங்களை எடுத்தது கூகல் இல்லை.

காமன்ஸில் எனக்கு இருக்கும் அச்சம் வேறு. அங்கே ஏற்றிய படத்தை யாரும் எதற்கும் எடுக்கலாம், விளம்பரத்துக்கும்கூட. ஆகவே கட்டடம், பொருள், கோலம், பலகாரம் சரி. மனித முகம் வேண்டாம் என்பது என் வகுப்பு விதி.

முகம் என்று வரும்போது

அன்று ஒரு மாணவி எடுத்த படம் என்னைத் தூங்கவிடவில்லை. திறந்த வெளியில், புல்தரையில், நாலைந்து தொழிலாளர்கள் வட்டமாக உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிடுகிறார்கள். ஒருவர் காதில் கைத்தொலைபேசி. மாலை வெளிச்சம் அருமையாக விழுந்திருக்கிறது. உண்மையிலேயே நல்ல படம். தூரத்திலிருந்து எடுத்தது, கேட்கவில்லை. கீழே எழுதியிருந்தாள்: “வார இறுதி மகிழ்ச்சி”.

ஜி.ஆர். லாம்பர்ட் என்ற ஜெர்மானியர் 1867-இல் ஹை ஸ்திரீட்டில் படக்கூடம் திறந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சிங்கப்பூரின் முன்னணிப் படக்கூடம் அவர் பெயரில் இயங்கியதுதான். அந்தக் காலத்துப் படங்களிலும் அஞ்சலட்டைகளிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். மாட்டு வண்டியோடு, துணி மூட்டையோடு, தலைப்பாகையோடு. கீழே பெயர் இருக்காது. ‘கிளிங்’ என்று இருக்கும். இன்று வசைச்சொல்லாகக் கருதப்படும் சொல். படம் காப்பகத்தில் நூறு ஆண்டுக்குமேல் பத்திரமாக இருக்கிறது. காகிதமும் கெடவில்லை. யார் அவர், எந்த ஊரிலிருந்து வந்தார், அவர் பேரப்பிள்ளைகள் இன்று எந்த வீவக புளோக்கில் இருக்கிறார்கள்? சொல்ல ஆளில்லை. படமெடுத்தவர் கேட்கவில்லை, எழுதவும் இல்லை.

“வார இறுதி மகிழ்ச்சி” என்ற வரியில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டியபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்த மாணவி படத்தை அன்றே நீக்கினாள். அதுதான் சரியான திருத்தமா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. நீக்கியதால் அவர்கள் படத்திலும் இல்லாமல் போனார்கள். போய்ப் பேசி, பெயர் கேட்டு, அனுமதி வாங்கி மறுபடி எடுத்திருக்கலாம். பதினைந்து வயதுப் பெண்ணை அதற்கு அனுப்ப எனக்குத் துணிச்சல் வரவில்லை. நானே கூடப் போயிருக்கலாம்.

வேறு வழி இருக்கிறதா என்று தேடினால் இரண்டு உள்ளூர் முயற்சிகள் கிடைக்கும். தேசிய நூலக வாரியம் 2011-இல் தொடங்கிய சிங்கப்பூர் நினைவுத் திட்டம், சாதாரண மக்களின் நினைவுகளையும் படங்களையும் அவர்கள் சொற்களோடே சேர்த்தது. தேசிய ஆவணக் காப்பகம் 2015-இல், விவரம் தெரியாத பழைய படங்களுக்குப் பொதுமக்களே விவரம் எழுதித் தர வழி செய்தது. உங்கள் வகுப்பில் தேக்காவிலோ சிலேத்தார் தோட்டத்திலோ வளர்ந்த தாத்தா பாட்டி யாருக்காவது இருந்தால், அந்தப் படங்களை அவர்கள் முன் வைத்துப் பாருங்கள். அந்தத் தலைமுறை இருக்கும்வரைதான் இது நடக்கும்.

தாளுக்குத் திரும்புவோம்

‘போன்ற’வைச் சுழித்த பிறகு அந்த மாணவி திருத்தி எழுதிவந்த தொடக்கம் இது, அவள் அனுமதியோடு: “என் பிறந்தநாள் படம் ஸ்டோரியில் ஒரு நாள் இருந்தது. அதே படம் என் பாட்டியின் கைத்தொலைபேசியில் மூன்று ஆண்டுகளாக இருக்கிறது. எங்கே பகிர்கிறோம் என்பதைப் பொறுத்துப் படத்தின் ஆயுள் மாறுகிறது.” நன்மை, தீமை என்று பத்தி பிரிக்க வேண்டிய தேவையே அவளுக்கு வரவில்லை. ஒப்பீடே வாதத்தைக் கொண்டுபோயிற்று. தேர்வுக்குப் படிப்பவர்கள் ‘பதிவேற்றம்’, ‘தனியுரிமை’, ‘பதிப்புரிமை’, ‘மாற்றுரை’ முதலிய சொற்களை மனப்பாடம் செய்வதோடு விடாமல், ஒவ்வொன்றுக்கும் உங்கள் கைத்தொலைபேசியிலிருந்தே ஓர் உண்மை நிகழ்ச்சியைப் பிடித்துவையுங்கள். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் “உன் அனுபவத்தைச் சொல்” என்று கேட்கும்போது அதுதான் வாயில் வரும்.

எங்கள் வகுப்பு கடைசியில் என்ன செய்தது என்று கேட்பீர்கள். படங்களை மூலக்கோப்பாக ஒரு வன்தட்டில் வைத்தோம். கூடவே ஒரு விரிதாள்: கோப்பின் பெயர், தேதி, இடம், யார், மூன்று வரித் தமிழ். கட்டடப் படங்கள் சில காமன்ஸுக்குப் போயின. இன்ஸ்டாகிராமிலும் போட்டோம். அங்கே போடாமல் யார் பார்ப்பார்கள்? முதல் இரண்டு சொல்லிலேயே பெயர்ச்சொல் வந்துவிட வேண்டும் என்று மட்டும் விதி வைத்துக்கொண்டோம். “டான் டெங் நியா வீடு, 1900” என்று தொடங்கினால், தட்டாதவர்களுக்கும் அவ்வளவாவது போய்ச் சேரும்.

பூக்கடை அண்ணனுக்குப் பையன் படத்தை ஆவணமாகவே அனுப்பினான். இரண்டு நாள் கழித்துக் குரல்பதிவு வந்தது. “அம்மா பாத்துட்டாங்க தம்பி. ரொம்ப சந்தோஷம். யாருடா எடுத்ததுன்னு கேட்டாங்க, எனக்குச் சொல்லத் தெரியல. உங்க பேர் என்ன?” அதை வகுப்பில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். விரிதாளில் அந்தப் படத்துக்கு நேரே, ‘யார்’ என்ற கட்டத்தில், “பூக்கடை அண்ணன்” என்றுதான் இருந்தது. அந்தச் சனிக்கிழமையே போய்க் கேட்டு வந்து எழுதினான். பெயரை இங்கே நான் போடவில்லை. அவர் அனுமதி தந்தது எங்கள் வகுப்புத் தொகுப்புக்கு மட்டும்.